அக்கா எழுந்து நின்று பாடிய உக்ரேனியப் பாட்டு

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து இன்றுடன் ஓராண்டு. மன்னார் பேசாலையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்த அவர், இருபத்திரண்டு வயதில் தனியாக டென்மார்க் வந்தார். ஹேர்னிங் நகரில் பகலில் தையல் ஆலை, மாலையில் டேனிஷ் வகுப்பு. எங்களை ஒவ்வொருவராக இங்கே அழைத்தவரும் அவரே. பின்னர் முதியோர் இல்லத்தில் பல ஆண்டுகள் பணிசெய்தார். எங்கள் தேவாலயத் தமிழ்ப் பாடகர் குழுவை அவர்தான் நடத்தினார்; கீபோர்ட் வாசிப்பவன் நான். அவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. நான் ஒரு பாட்டைப் பற்றி எழுதுகிறேன், அதில் என் தவறும் இருப்பதால்.

உக்ரேனில் போர் மூண்ட பிறகு, அங்கிருந்து வந்த நாடியா என்ற பெண் அக்காவின் வேலையிடத்துச் சமையலறையில் சேர்ந்தார். நாடியாவின் டேனிஷ் அரைகுறை. அக்காவின் பொறுமை முழுசு. தம் நாட்டுப் பாட்டு ஒன்றை நாடியா சொல்லிக்கொடுத்தார். நூறு ஆண்டுகளுக்கு முன் போருக்குப் புறப்பட்ட தொண்டர்கள் பாடியது அது. சோவியத் ஆட்சியில் அதற்குத் தடை. பாடியதற்காகவே நாடியாவின் பாட்டனார் சிறை சென்றாராம். சிவந்த பழம் காய்க்கும் செடியொன்று தலைசாய்ந்து நிற்கிறது. அந்தச் செடி அவர்களுடைய நாடு. அதை நிமிர்த்துவோம் என்பதே பொருள். அழுகிற பாட்டு அல்ல, நடைபோடுகிற பாட்டு.

உக்ரேனியக் குடும்பங்களை வரவேற்கும் நாளில் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் அதைப் பாடவேண்டும் என்று அக்கா தமிழ் எழுத்தில் எழுதிக் குழுவுக்குக் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நாங்கள் வந்த நேரம் எங்களுக்கு ஆர் பாடினவை, அக்கா?”

“ஒருத்தரும் பாடேல்லை. அது எப்பிடி இருந்தது எண்டு உனக்குத் தெரியும்தானே தம்பி. பிறகென்ன?”

“நான் வாசிக்கமாட்டன்.”

அக்காவுக்கு அப்போது புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அதிக நேரம் நிற்க முடியாது. என் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்துதான் பாடுவார். கீபோர்ட் இல்லாவிட்டால் ஒருவர் முன்னால் நின்று தாளம் காட்டவேண்டும், அது அக்காதான் என்று தெரிந்தும் நான் அசையவில்லை. வெறும் வீம்பு.

வரவேற்பு நாளன்று அக்கா எழுந்தார். ஒரு கையால் கதிரையைப் பிடித்து, மறுகையால் தாளம் காட்டித் தொடங்கினார். நம்மவர்களின் உச்சரிப்பு எந்த இலட்சணத்தில் இருந்ததோ, இரண்டாவது அடியிலேயே உக்ரேனியர் எல்லோரும் எழுந்து சேர்ந்து பாடினார்கள். நாடியா அழுதுகொண்டே பாடினார். முடியும்வரை அக்கா உட்காரவே இல்லை. இப்படியொரு அக்காவுக்குத் தம்பி என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கைகட்டி இருந்த என்னை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

நோயில் தாங்கிய தாதியருக்கும், வேலையிடத் தோழிகளுக்கும், ஹொல்ஸ்டெப்ரோ நகரிலிருந்து காரில் சாப்பாடு கொண்டுவந்த உறவுகளுக்கும், கடைசிவரை கைபிடித்திருந்த நாடியாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

கடைசி வாரத்தில் அக்காவிடம் கேட்டேன்: “அண்டைக்கு நான் வாசிக்கேல்லை எண்டு கோவமோ?”

அக்கா சிரித்தார். “நீ வாசிச்சிருந்தா நான் உன்ர பக்கத்தில இருந்தே பாடியிருப்பன். வாசிக்காதபடியால்தானே எழும்பி நிண்டனான்.”