முப்பத்தொன்றாம் பெட்டி

மீஞ்சூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் ஒருவர் தன் செல்போனில் ஆபீஸ் மெயிலைப் போட்டாராம். அன்று சாயங்காலமே அந்த போன், கடையில் வாங்கிய நாளைப் போலக் காலியாகிவிட்டதாம். மருமகன் கூப்பிட்டதற்கு, "யார் பேசறது?" என்று இவர் கேட்க, அதிலிருந்து இரண்டு குடும்பமும் பேசிக்கொள்வதில்லையாம். இதை ஜெரால்டிடம் சொன்னவர் அவன் கம்பெனி கேட் செக்யூரிட்டி துளசிராமன். அவருக்குச் சொன்னது அவருடைய சகலை. சகலைக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. மஸ்கட்டில் இருக்கும் எனக்கு ஜெரால்ட் சொன்னான். அன்றிரவு என் போனை நானும் இரண்டு முறை திறந்து பார்த்துக்கொண்டேன்.

ஜெரால்டும் நானும் கும்மிடிப்பூண்டியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். ஜெரால்ட், சிப்காட்டில் வண்டி சீட்டுக்கு ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஸ்டோர் பார்க்கிறான். எந்த ரேக்கில் எந்த நட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். ஆனால் அவன் வாழ்க்கையின் பெரிய சாதனை ஸ்டோரில் இல்லை. அவன் போனில், பதினோரு விநாடி வீடியோவாக இருந்தது.

அவன் மாமனார் சின்னதுரை கொத்தனார். மருமகனுக்கு வீடு கட்டிக் கொடுத்தபோது குளியலறைத் தரையின் வாட்டத்தைத் தலைகீழாக வைத்துவிட்டார். குளித்த தண்ணீர் குழிக்குப் போகாமல் ஹாலுக்கு வரும். "வாட்டம் தப்பு மாமா" என்று ஜெரால்ட் ஒன்பது வருஷம் சொன்னான். "தண்ணி ஊத்தத் தெரியல உனுக்கு" என்று அவர் ஒன்பது வருஷம் சொன்னார். போன கிறிஸ்மஸ் அன்று, பிரியாணிக்குப் பிறகு, என்ன நினைத்தாரோ, "நான்தான் மாப்ள தப்பா வச்சிட்டேன், நீ சொன்னது கரெக்டு" என்றார். ஜெரால்ட் போனைத் தயாராக வைத்திருந்தான்.

படம் பிடித்ததைப் பார்த்ததும் அவர் அவனைப் பைபிள் மேல் கை வைக்கச் சொல்லி, யாருக்கும் அனுப்புவதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டார். ஈஸ்டர் வந்ததும், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றும் ஆரம்பித்துவிட்டார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஜெரால்டின் மனைவி கிறிஸ்டினா இரண்டு பக்கத்தாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். தரையை உடைப்பதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு. சாட்சி அந்தப் பதினோரு விநாடி மட்டுமே.

இந்த நிலையில்தான், எல்லோரும் கம்பெனி மெயிலைச் செல்போனில் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜெரால்டின் மேஜைக் கம்ப்யூட்டரில் மெயில் ஏற்கெனவே இருந்தது. எச்.ஆர். மதிவாணனிடம் போய்க் கேட்டான்.

"சார், கம்ப்யூட்டர்ல வர்ற அதே மெயில்தானே?"

"அது கம்ப்யூட்டர் மெயில். இது மொபைல் மெயில். பதினஞ்சு நிமிஷத்துல மொபைல்ல தொறந்தாதான் லிஸ்ட்ல பச்சை காட்டும்."

"போனை உள்ள எடுத்தாரக் கூடாதுன்னு நீங்கதானே சார் போர்டு வச்சிகிறீங்க? காலையில கேட்ல பெட்டியில வச்சிட்டுத்தானே வர்றேன்."

"அது செக்யூரிட்டி பாலிசி. இது ஐ.டி. பாலிசி. ரெண்டையும் கொழப்பாதீங்க."

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, எனக்கு வீடியோ கால் போட்டு, நான் சொல்லச் சொல்ல மெயிலைப் போட்டான். கடைசியில் வந்த அறிவிப்பை நிறுத்தி நிறுத்திப் படித்தான். ஆறு எண் கொண்ட ரகசிய எண் கட்டாயம். பத்து முறை தப்பாகப் போட்டால் போனில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்.

"துளசிராமன் சகலை சொன்னது நெசம்தான் மச்சான்" என்றான்.

"அந்த வீடியோவை எனக்கு அனுப்பிடுடா."

"சத்தியம் பண்ணிட்டனே மச்சான்."

"சரி, கூகுள்ல ஏத்தி வை. அது யாருக்கும் அனுப்பறது இல்ல."

"கூகுள் யாரு, என் சித்தப்பனா? அனுப்புறதுன்னா அனுப்புறதுதான்."

பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டான். கேட்டில் பகல் ஷிப்ட் பார்க்கும் கன்னியம்மாவிடம் ரகசிய எண்ணைச் சொல்லிவைத்தான். முப்பத்தொன்றாம் பெட்டியில் அவன் போன் 'டிங்' என்றால், அவர் எடுத்து எண்ணைப் போட்டு, மெயிலைத் தொட்டுத் திறந்து மூடிவிடுவார். அதே மெயிலை ஜெரால்ட் உள்ளே கம்ப்யூட்டரில் படிப்பான். 'கேன்டீனில் யாரோ டிபன் பாக்ஸை விட்டுச் சென்றுள்ளார்' என்பது போன்ற மெயில்கள். ஒரு மாதம் பச்சையாகவே போயிற்று. மதிவாணன் கூட்டத்தில் அவனைப் பாராட்டினார். கன்னியம்மா மற்ற பெட்டிகளையும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்.

முப்பதாம் நாள் ரகசிய எண்ணை மாற்றச் சொல்லி போன் கேட்டது. கிறிஸ்டினா குறித்த ஞாயிறுக்கு மூன்று நாள் இருந்தது; வியாழக்கிழமை காலை பஸ்ஸிலேயே மாற்றினான். கேட்டில் கன்னியம்மா இல்லை. ஆடி மாதம், பெரியபாளையத்துக்கு வேண்டுதலுக்குப் போயிருந்தார். பழைய எண்களை ஒரு அட்டையில் எழுதித் துளசிராமனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது ஜெரால்டுக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு ஸ்டோர் இன்டர்காம் அடித்தது.

"இன்னா நைனா, உன் போன் பேஜாரு பண்ணுது. எட்டு வாட்டி போட்டுட்டேன், தொறக்க மாட்டேங்குது."

"அண்ணே, தொடாதீங்க! கீழ வைங்க!"

"கன்னியம்மா என்னை நம்பிக் குடுத்துட்டுப் போயிகீது. பச்சை போச்சின்னா எனக்குத்தானே கெட்ட பேரு? இரு, அரை நிமிஷம் நிக்கணுமாம். இன்னும் ரெண்டு வாட்டி கீது. உன் பொறந்த நாள் போட்டுப் பாக்கறேன்."

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு அடித்தால் எங்கேஜ்டு. ஸ்டோரிலிருந்து கேட்டுக்கு அரை கிலோமீட்டர். ஓடுவதற்கு முன் ஜெரால்ட், கம்ப்யூட்டர் மெயிலில் நடந்ததை அவசரமாக எனக்கு அடித்தான். கடைசி வரி இது: "என் நம்பருக்கு அடிச்சிக்கினே இரு. கால் வந்துக்கினு இருந்தா அவரால நம்பர் போட முடியாது."

மஸ்கட்டில் நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். என் போனில் மெயில் உடனே வந்தது. எழுந்து வராந்தாவுக்கு வந்து அடித்தேன்.

தொழிலாளியின் போனை செக்யூரிட்டி எடுத்துப் பேசக் கூடாது என்று அங்கே விதி. துளசிராமன் விதி தவறாதவர். முதல் கால் முழுதாக அடித்து ஓய்ந்தது. சட்டென்று மறுபடி அடித்தேன். இடையில் எத்தனை விநாடி போயிற்று, ஆறு எண் போட எத்தனை விநாடி ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. அழிந்துபோன போனிலும் மணி அடிக்கத்தான் செய்யும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கட் பண்ணிடாதீங்க அண்ணே, கட் பண்ணிடாதீங்க என்று முணுமுணுத்தபடி மூன்றாம் முறை அடித்தேன். மீட்டிங் அறைக் கதவைத் திறந்து மேனேஜர் என்னைப் பார்க்கிறார். கும்மிடிப்பூண்டியில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.