கங்கப்பன் சட்டையில் விழுந்த நீலம்

ஒழுகுகிற வீட்டுக்குள் நுழைந்ததும் ரங்கம்மா முதலில் சண்டை போடுகிறவர்களை உட்காரச் சொல்வார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்ப்பார். ஓசூரில் எங்கே ஒழுகினாலும் பழி மாடியில் குடியிருப்பவர் தலையில்தான். ரங்கம்மா அதை நம்பவே மாட்டார். சித்தாளாகக் கலவை சுமந்தவர். இன்று ஒழுகல் அடைக்க நாலு ஆட்களை வைத்து வேலை வாங்குகிறார்.

அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலையோடு குங்குமமும் துணிக்குப் போடும் நீலமும் இருக்கும். சந்தேகப்படும் இடத்துக்கு ஒரு நிறம். கரைத்து ஊற்றிவிட்டு, கீழே எது இறங்குகிறது என்று காத்திருப்பார். அதுவரை யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. மீறினால் தெலுங்கில் ஓர் அதட்டல், கன்னடத்தில் ஓர் அதட்டல். வாய் என்றால் அப்படியொரு வாய்!

போன மழையில் கங்கப்பனின் ஜவுளிக்கடை ஒழுகி, பட்டுச்சேலைகள் பாழாயின. மாடியில் குடியிருக்கும் மோகனப்ரியாவின் குளியலறைதான் காரணம் என்று குதித்தவர், மாடிவீடும் தன்னுடையதே என்பதால் அதைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவள் கம்பெனி பஸ் பிடித்து வேலைக்குப் போய், தனியாக மகளை வளர்ப்பவள். பள்ளிக்கூடம் தெருமுனையில் இருப்பதால்தான் பிழைப்பே ஓடுகிறது. பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, அழுதுகொண்டே ரங்கம்மாவுக்குப் போன் போட்டாள்.

ரங்கம்மா குளியலறையில் குங்குமத் தண்ணீரை ஊற்றினார். நெடுநேரமாகியும் கீழே சிவப்பு இறங்கவில்லை. அடுத்து, வாசலுக்கு வெளியே திறந்த தளத்தைக் காலால் தேய்த்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"இங்க என்னாத்த நட்டீங்கண்ணா?"

"எம் பொண்ணு நிச்சயத்துக்குப் பந்தக்கால்," என்றார் கங்கப்பன். "அப்பவே சிமெண்டு பூசிட்டமே!"

"தளத்தப் பொத்தலாக்கிட்டு மேல பவுடரு பூசுனீங்களா? நல்லாருக்குது போங்க!" என்று நீலத்தண்ணீரை அங்கே கவிழ்த்தார் ரங்கம்மா.

மூவரும் கடைக்குள் இறங்கிக் காத்து நின்றார்கள். கல்லாவுக்கு மேலே ஈரம் படர்ந்தது. முதல் நீலச்சொட்டு கங்கப்பனின் வெள்ளைச்சட்டைத் தோளிலேயே விழுந்தது. அவர் தோளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"நீ இருந்துக்கம்மா," என்றார், மோகனப்ரியாவின் முகத்தைப் பார்க்காமல்.

அவள் கைகூப்பினாள். "அட, போ கண்ணு. ஒரு காப்பி போடு," என்று படியேறிய ரங்கம்மா, வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். பல்லாலேயே கயிற்று முடிச்சை அவிழ்த்து, காப்பிப் பாத்திரத்தைத் தேடத் தொடங்கினார்.