மாமன் போட்ட ஒற்றை நட்சத்திரம்

பிள்ளைகளா, நம் மோட்டார் பட்டறையை இணையத்தில் ஏற்றிவிட்டது நீங்கள்தான். ஐந்து நட்சத்திரம் நிறைய விழுந்தால் வெளியூர் ஆட்களும் தேடி வருவார்கள் என்றீர்கள். நானும் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். "தங்கமான மனுசன்", "நல்ல குடும்பம்" என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் என்னிடம் பழுதுபார்க்க மோட்டார் கொடுத்ததில்லை.

என் தாய்மாமன் மட்டும் ஒரே நட்சத்திரம் போட்டிருந்தார். "அவன் சின்ன மக காதுகுத்துக்கு நேர்ல வந்து அழைக்காம வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்புனவன். இவன நம்பி எப்படி வேலை குடுக்க?"

மறுநாள் அவனியாபுரத்துக்கு அப்பாலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதாம், நெற்பயிர் காய்கிறதாம்.

"அண்ணே, இம்புட்டுப் பேரு நல்லவருன்னு எழுதிருக்காக. வேலை தெரியும்னு ஒருத்தரும் எழுதலையே? வையுற ஆளு மட்டுந்தேன் வேலையப் பத்திப் பேசுறாரு."

"மோட்டாரக் கொண்டாங்கண்ணே, என் வேலையப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டு வாரேண்ணே."

வரவில்லை. மாமன் எழுதியதைப் பற்றிப் புகார் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள் என்றீர்கள். பொய்யாக எதுவும் அவர் எழுதவில்லையே. நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, பட்டறையைப் பூட்டி, வெற்றிலை பாக்கும் பழமும் வாங்கிக்கொண்டு தனியாக மாமன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.