ஆயில் குடிக்கும் வண்டி

போன மாதம் ஜெயங்கொண்டத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் அப்பா எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலைக்காரர் பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னதும் அப்பா அந்தக் கதையை மறுபடியும் எடுத்துவிட்டார். "எந்தங்கச்சி வாங்கினா ஒண்ணு, ஓட்ட இன்ஜின். தலப்பாடா சொன்னேன், கேக்கல. வாசல்ல நின்ன எடத்துலயே ஜாமாயிடுச்சு." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வண்டி வாசலில் நின்று கெட்டுப்போகவில்லை. அது போன இடமும் எனக்குத் தெரியும், நின்றுபோன இடமும் எனக்குத் தெரியும். பின்சீட்டில் இருந்தவள் நான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கீழப்பழுவூரில் எங்கள் வீடு. அப்பாவின் ஒரே தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. வயது முப்பத்து நான்கு. கல்யாணம் வேண்டாம் என்று இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னவள். எங்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்த போர் மோட்டார் அவள் சம்பளத்தில் வந்தது. மோட்டாரைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கார் வாங்கியதும்தான் அவளுக்குத் திமிர் வந்துவிட்டதாக எல்லோரும் கண்டுபிடித்தார்கள்.

அது சாதாரணக் கார் இல்லை. வெள்ளி நிறம், இரண்டே கதவு, தரையோடு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும். பின்சீட்டில் என்னைப் போன்ற சின்னப் பிள்ளைகள்தான் கால் மடக்கி உட்காரலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பந்தய ரக வண்டி. திருச்சியில் ஒரு டாக்டரின் மகன் ஆசைக்கு வைத்திருந்துவிட்டு விற்றான். விற்கும்போதே அவன் சொல்லிவிட்டானாம், இந்த இன்ஜினுக்கு ஒரு நோய் உண்டு, ஆயில் குடிக்கும், கவனிக்காமல் விட்டு வேகமாக ஓட்டினால் உள்ளே பேரிங் தீய்ந்து இன்ஜின் இறுகிவிடும், இந்த ரகத்தில் எல்லா வண்டிக்கும் இதே கதைதான் என்று. அத்தை அரியலூரில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவரும் தலையை ஆட்டி, வேண்டாம் மேடம் என்றார். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறையும் என்று மட்டும் அவள் இருவரிடமும் கேட்டாள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் அல்லவா. கேட்டுக்கொண்டு வாங்கிவிட்டாள்.

வண்டி வாசலுக்கு வந்த அன்று அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குடும்பத்தோடு போகிற மாதிரி ஒரு வண்டி வாங்கியிருக்கக் கூடாதா, இதை யாருக்காக வாங்கினாய் என்று கேட்டார்.

"எனக்காகத்தாண்ணே," என்றாள் அத்தை.

அந்த பதில் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஊரில் யாராவது "உந்தங்கச்சி கார்ல போவுது பாத்தேன்" என்று சொன்னால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டதென்று அம்மாவைத் திட்டுவார். அப்பாவிடம் ஒரு பைக் இருந்தது. டிராக்டர் ஓட்டுவார், கூட்டாளியின் ஜீப்பை ஓட்டுவார். தங்கையின் காரைத் தொட ஒருநாளும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கேட்பதுதான் அவருக்கு முடியாத காரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை முன்மூடியைத் திறந்து, ஆயில் பார்க்கும் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். குச்சியில் இரண்டு கோடு உண்டு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றுவாள், மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வாள். பத்து நிமிட வேலை. ஏழெட்டு மாதம் அந்த வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணாமல் அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது.

அந்த ஞாயிறு ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது. அவள் வைத்திருந்த டப்பாவும் தீர்ந்திருந்தது. மறுநாள் ஆலை வேலையாக அவள் சேலம் போக வேண்டும், நாலு நாள். சாப்பிடும்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள், வண்டியில் ஆயில் இல்லை, வரும்போது திருச்சியில் வாங்கி வருகிறேன், அதுவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணவே கூடாது என்று. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே "ம்" என்றார். அந்த "ம்" என் காதில் இன்னும் இருக்கிறது.

புதன்கிழமை அவர் சாவியை எடுத்தார். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு போடச் சொன்னார். சின்னப் பெண் ஒன்று கூட இருந்தால் போகிற இடத்தில் நன்றாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா வாசலில் நின்று வண்டியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். தடுக்கவில்லை. என் தலையை இன்னொரு முறை சீவிவிட்டாள்.

அரியலூர், பெரம்பலூர் தாண்டி செட்டிகுளம் போனோம். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகளை முந்திக்கொண்டு அப்பா ஓட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. பெரம்பலூரில் நிறுத்தி ரோஸ் மில்க் வாங்கிக்கொடுத்தார்.

செட்டிகுளத்தில் நாங்கள் போனது சின்ன வெங்காய மண்டி வைத்திருந்த ஒருவரின் வீட்டுக்கு. மனைவி இறந்து இரண்டு வருடமானவர், இரண்டாவதாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவும் அண்ணனும் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். அப்பா அத்தையைப் பற்றிப் பேசினார். என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அத்தையைப் பற்றித்தான் பேசுகிறார் என்று புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் அதிர்ந்து பேசமாட்டாளாம். கல்யாணத்துக்கு அவளுக்குப் பூரண சம்மதமாம், கூச்சத்தில்தான் அவள் வரவில்லையாம். கல்யாணமானதும் வேலையை விட்டுவிடுவாளாம். மண்டிக்காரர் ஜன்னல் வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"வண்டி உங்களுக்குத்தான். அவ என்ன பண்ணப் போறா," என்றார்.

அப்படியானால் அத்தை எதில் வேலைக்குப் போவாள் என்று யோசித்தேன். வேலையைத்தான் விடப்போகிறாளே என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். ஒன்பது வயதில் எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பெரியவர்கள் பேசி முடிவுசெய்கிறார்கள், அவ்வளவுதான்.

மண்டிக்காரருக்கு ஓட்டிப் பார்க்க ஆசை. அப்பா நானே காட்டுகிறேன் என்று அவரை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து, சென்னை போகும் நாலு வழிச் சாலையில் விட்டார். எவ்வளவு போகும் என்று அவர் கேட்டார். அப்பா மிதித்தார். புளியமரமும் வேலிக்கல்லும் ஒன்றாகிப் போயின. அப்போதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. பிறகு அணையாமல் எரிந்தது.

"அப்பா, ஆயில் லைட்டு எரியுது," என்றேன்.

"சும்மா உக்காரு."

இன்னொரு முறை சொன்னேன். அப்பா கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். மண்டிக்காரர் அது என்ன விளக்கு என்று கேட்டதற்கு, வேகமாகப் போனால் அப்படித்தான் எரியும் என்றார். கொஞ்ச தூரத்தில் இன்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுவது போல டக் டக்கென்று சத்தம். அது பெரிதாகிக்கொண்டே வந்து, ஒரு உலுக்கலோடு வண்டி செத்துப்போனது. பின்னால் வந்த பஸ் ஒன்று ஹார்ன் அடித்தபடி எங்களை உரசிக்கொண்டு போனது. அப்பா சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

மண்டிக்காரரின் வெங்காய லாரியில்தான் வண்டி கீழப்பழுவூர் வந்து சேர்ந்தது. இறக்கியதும் அப்பாவும் அம்மாவும் வண்டியைக் கழுவினார்கள். சந்து பொந்திலெல்லாம் வெங்காயச் சருகு. அம்மா அதைக் குனிந்து குனிந்து பொறுக்கினாள். பிறகு என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, அத்தை கேட்டால் வண்டி வாசலிலேயே நின்றது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் பெரிய சண்டை வரும், அப்பாவுக்கு அசிங்கம் என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை வந்தாள். கையில் ஆயில் டப்பா. அவள் பையைக் கீழே வைப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். மழை வருகிற மாதிரி இருந்ததாம், வண்டியைக் கொட்டகைக்குள் விடலாமென்று ஸ்டார்ட் பண்ணினாராம், நின்ற இடத்திலேயே இறுகிவிட்டதாம். இந்த இன்ஜின் இப்படித்தான் என்று விற்றவனே சொன்னான், மெக்கானிக்கும் சொன்னான், நீதான் கேட்கவில்லை என்று குரலை உயர்த்தினார். கெடுத்தவர் கத்தினார், கெட்டுப்போனதன் சொந்தக்காரி கேட்டுக்கொண்டு நின்றாள்.

அத்தை வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டு முன்னால் இருந்த மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"பாப்பா, நீ சொல்லு. வண்டி வெளிய போச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா தூணைப் பார்த்தாள்.

"இல்ல அத்தை," என்றேன்.

"சரி," என்றாள். டப்பாவை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சண்டை வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மண்டிக்காரரின் அண்ணன் வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். எடுத்தது அத்தை. இவள்தான் அவள் என்று தெரியாமல் அவர் எல்லாவற்றையும் பேசினார். பெண் வேலையை எப்போது விடுகிறது, கல்யாணத்துக்கு முன்னால் வண்டி இன்ஜினைச் சரிசெய்து கொடுத்துவிடுவீர்கள் அல்லவா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அத்தை எல்லாவற்றுக்கும் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள். அப்பா வயலிலிருந்து வரும்வரை கூடத்தில் நின்றபடியே இருந்தாள்.

அவள் கத்துவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கத்தவில்லை.

"எனக்கு வண்டிய வித்தது யாரோ ஒருத்தன், அண்ணே. இதுல இன்ன கொறை இருக்குன்னு அவன் சொல்லித்தான் வித்தான். நீங்க கூடப் பொறந்தவரு. என்னைப் பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்த நெசம் சொல்லல. அவங்களப் பத்தி எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

அப்பா உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றார். பிறகு, ஒரு பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது என்றார். பிறகு, இந்த வீட்டில் இருந்தால் என் பேச்சைக் கேட்டுத்தான் இருக்க வேண்டும் என்றார். மறுநாள் காலை பஸ்ஸில் அத்தை இரண்டு பையோடு அரியலூர் போனாள். ஆலைக் குடியிருப்பில் ஒரு வீடு கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் திருச்சியிலிருந்து லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. இன்ஜினைப் பிரித்துப் புதிதாகச் செய்ய எட்டு மாதம் ஆயிற்றாம். அதன் பிறகு ஆறு வருடம் அவள் அதை ஓட்டினாள், ஒரு தொந்தரவும் இல்லை. போர் மோட்டார் எங்கள் வயலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்பா திருப்பிக் கொடுக்கவில்லை.

கல்லூரி முடித்த வருடம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நான் பொய் சொன்னேன் அத்தை என்று ஒருவழியாகச் சொன்னேன். அவள் துவரம்பருப்பைக் களைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும். மீட்டர்லயே பாத்துட்டேன், நூறு கிலோமீட்டர் கூட இருந்துச்சு."

"தெரிஞ்சுமா என்னக் கேட்டீங்க?"

அவள் தண்ணீரை வடித்தாள். "அந்த வூட்ல எனக்குன்னு யாராச்சும் இருக்காங்களான்னு பாத்தேன்," என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு இது எதுவும் தெரியாது. அத்தை கேட்டது காரைப் பற்றி என்றுதான் நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லி வீட்டில் வரவிருந்த சண்டையை நிறுத்திவிட்டதாக எனக்குப் பெருமை. சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா கேட்காமலே என் தட்டில் இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தாள். அத்தை பசியில்லை என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டாள். நல்ல காரியம் செய்ததற்குக் கிடைத்தது என்று நான் இரண்டையும் நொறுக்கித் தின்றேன்.