கோயிலில் வெட்டிய பூசணிக்காயும் வரிப் படிவமும்

என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய கலண்டர் தொங்குகிறது. தைப்பொங்கலுக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்குத் தமிழ்க் கடையில் சும்மா கொடுப்பது. அதன் ஆண்டு முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எறிய மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் பென்சிலால் எழுதியிருக்கும்: பூசணி, இரண்டரை மணி நேரம். கத்தரி, மூன்று மணி நேரம். எழுதியவர் ஹோட்டல் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்தவர், என்னைவிட மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணைதான்.

ஆட்குறைப்பில் முதலில் வேலை போனது அவருக்கு. வேலையில்லாதவருக்கு அரசு தரும் பணம் கிடைக்க இரண்டு கிழமைக்கு ஒருமுறை 'மெல்டெகோர்ட்' என்ற அறிக்கையை நிரப்பவேண்டும்: எந்த நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்தாய் என்று. எனக்கு நொர்வேஜிய மொழி கொஞ்சம் ஓடும் என்பதால், அம்மருட் பகுதியில் உள்ள அவர் வீட்டுக்குப் போய், மேசையில் வைத்து நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். அண்ணை வெள்ளிதோறும் கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுபவர். சம்பளமில்லாத வேலையையும் எழுதவேண்டும் என்று ஓரிடத்தில் இருந்தது. தொண்டுக்கு வேறு விதி என்று இன்னோரிடத்தில் இருந்தது. சாமிக்குப் பூசணிக்காய் வெட்டுவது எதில் சேரும்? எனக்குத் தலை சுற்றியது. அண்ணைக்கோ அந்தக் குழப்பமே இல்லை.

"வெட்டினது வெட்டினதுதானே. போடு, தங்கச்சி."

போடப் போட, வருகிற பணம் குறைந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒருமுறை அவர் தேத்தண்ணி போட உள்ளே போன நேரம் பூச்சியத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

பனி உருகுகிற நேரம் வரிப் படிவம் வந்தது. அந்தப் பணம் முழுவதும் அதில் வருமானமாக ஏற்கெனவே பதிவாகி, வரியும் கழிபட்டிருந்தது. அண்ணை திகைத்துப்போனார். "அவையே தந்து அவையே வரி எடுக்கினமோ?" சம்பளத்துக்குப் பதிலாகத் தருவது, ஆகவே சம்பளம் மாதிரியே வரி என்று விளங்கப்படுத்தினேன். அவர் படிவத்தைத் தள்ளிவைத்தார். "அப்ப, வேலை செய்தால் சம்பளமில்லை. சம்பளம் வந்தால் அதுக்கு வேலையில்லை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை." உண்மையில் எனக்கும் விளங்கவில்லை. விளங்கினவள் மாதிரித் தலையை ஆட்டினேன்.

கணக்குச் சரியா என்று பார்க்க, பணம் வந்த துண்டுகளையும் கலண்டரையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுவந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது; அந்தமுறை மட்டும் பணம் குறையாமல் வந்திருந்தது.

"தங்கச்சி, இந்தக் கிழமை நான் கோயிலுக்குப் போகேல்லையோ?"

உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அகதியாக வந்த புதிதில் விசாரணையின்போது ஒரு திகதியை மாறிச் சொல்லிவிட்டாராம். பொய் சொல்கிறார் என்று எழுதிவிட்டார்களாம். அதனால் மனைவியை இங்கே கூப்பிட ஏழு வருடம் பிடித்ததாம். "இனி என்ரை பேரிலை ஒரு பொய் இருக்கக்கூடாது" என்றார். மறுநாள் தானே அந்தப் பணம் தரும் அலுவலகத்துக்கு, அவர் சொல்லில் கந்தோருக்கு, போய்த் திருத்திவிட்டு வந்தார். எல்லாம் சரி என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மகளோடு இருக்கத் துரொண்ட்ஹெய்ம் நகருக்குப் போகும்போது கலண்டரை என்னிடம் தந்தார். "ஆரும் கேட்டால் காட்டலாம், வைச்சிரு."

இந்த மாதம் எனக்கும் வேலை போய்விட்டது. இப்போது நிரப்புவது என்னுடைய அறிக்கை. போன வெள்ளி நானும் கோயிலில் பூசணி வெட்டினேன். போடுவதா விடுவதா என்று குழம்பி, அண்ணை எழுதிய விதத்தைப் பார்க்கலாமென்று கலண்டரைக் கழற்றினேன். நான் பூச்சியம் போட்ட அந்த வெள்ளிக் கட்டத்தின் ஓரத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், இன்னொரு வரி இருந்தது:

"கந்தோரிலை ஒரு பொய் சொன்னனான். பூச்சியம் போட்டது நான் எண்டு."

கலண்டரை மேசையில் வைத்துக்கொண்டு அழுதேன். விதி எதுவென்று இன்னும் எனக்குத் தெரியாது. இரண்டரை மணி நேரம் என்று போட்டேன்.