பெட்டியில் எழுதிய எண்

டிரங்குப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்ட காசியம்மாள், அதன் முன்பக்கத்தில் எழுதியிருந்த எண்ணைப் புடவையால் மறைத்தாள்.

"இப்ப சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு பட்டாளத்து நம்பர் இன்னா?"

வாசலில் நின்றவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பெயர் ராஜாங்கம், ஓய்வுபெற்ற அவில்தார் என்று சொல்லியிருந்தார். இறந்துபோன அவள் கணவன் பிச்சைமுத்துவோடு பட்டாளத்தில் ஒரே கம்பெனியில் இருந்தவராம். தியாகதுருகத்திலிருந்து இந்த ரிஷிவந்தியம் காலனிக்கு நடந்தே வந்தாராம்.

அது எண்பத்தேழு புரட்டாசி. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். மூன்று நாளாக பஸ் ஓடவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரங்கள் கிடந்தன. இந்த நேரத்தில் எவனாவது நல்ல எண்ணத்தோடு அவ்வளவு தூரம் நடப்பானா?

"நம்பர் எதுக்கு தங்கச்சி? பனியில அவனுக்குக் கால் வெரலு அஞ்சும் போச்சே, அப்ப பக்கத்துல நான்தான் இருந்தேன்."

"கால்ல வெரலு இல்லாதத ஊரே பாத்துக்கீது. நடவுக்குப் போறவளக் கேட்டாலும் சொல்லுவா."

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி கதவோரம் நின்று சிரித்தாள். "விடாத யக்கா. போன தபா மெடலு போச்சு. இந்தத் தபா பொட்டியே போயிடப் போவுது."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் வந்தான். பாயில் உட்கார்ந்து மோர் குடித்தான். பிச்சைமுத்துவின் எண்ணைத் தடங்கலில்லாமல் சொன்னான். பட்டாளத்தான் பெண்சாதிக்கு நிலம் வாங்கித் தருவதாக மெடலையும் சீருடைப் படத்தையும் வாங்கிக்கொண்டு போனவன்தான்.

ராஜாங்கம் கோபப்படவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. விரல் போனதும் பிச்சைமுத்துவை வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கேட்டதற்கு, விரல் போனது பட்டாள வேலையால் அல்ல என்று பதில் வந்தது. சாகும்வரை மனு போட்டான். இப்போது மேல்மனு போட வழியிருக்கிறது என்றார் ராஜாங்கம். பெண்சாதியின் கைநாட்டும், பட்டாளத்திலிருந்து அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்து விவரமும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கடலூரில் கொடுத்தாக வேண்டும்.

"நம்பர்?"

"இருபத்தஞ்சு நாப்பத்தாறு, எட்டு, பதினேழு."

"தப்பு. கடைசி ரெண்டும் தப்பு. கெளம்புங்க."

"தெனம் காலையில ஆஜர் எடுக்கும்போது கேட்ட நம்பரும்மா."

"கெளம்புங்கன்றேன்ல?"

அவர் செருப்பை மாட்டினார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இருப்பேன்" என்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஆள் மறுபடி வந்தாலும் வருவான். புத்தகத்தை அரிசிப் பானைக்குள் மாற்றி வைக்கலாம் என்று காசியம்மாள் பெட்டியைத் திறந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ரேஷன் கடை புண்ணியத்தில் எண் தெரியும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் கடைசி இரண்டு எண்ணும் ஒன்று, ஏழு. மூன்றாம் பக்கத்திலும் ஒன்று, ஏழு. பெட்டியில் ஏழு, ஒன்று.

பெயிண்ட் உதிர்ந்த பெட்டியைக் கள்ளக்குறிச்சியில் போர்டு எழுதும் கடையில் கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கி வந்த நாள் நினைவுக்கு வந்தது. "இது எவனோ வேற சிப்பாயி பொட்டி" என்று பிச்சைமுத்து சிரித்திருந்தான். அவள் குடிவெறி என்று நினைத்தாள். அவள் மனப்பாடம் செய்தது பெட்டியில் இருந்த எண்ணைத்தான். மோர் குடித்தவன் தடங்கலில்லாமல் சொன்னதும் அதையேதான். அன்று பாய் போட்டது பெட்டிக்கு எதிரில்.

மறுநாள் விடிந்ததும் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். இரண்டு இடத்தில் மரத்தின் மேல் ஏறி இறங்கினாள். எங்கே போகிறாய் என்று மறியல்காரர்கள் கேட்டார்கள். சாவுக்கு என்றாள். பதினோரு மணிக்கு டீக்கடையில் ராஜாங்கம் இருந்தார். புத்தகத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே அவருக்குக் காட்டினாள்.

"இப்பவாவது நம்புறியா தங்கச்சி?"

"எழுதுங்க."

அவர் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தபின் கைநாட்டு வைத்தாள். டீ வேண்டாம் என்றாள். அவர் அதையும் சேர்த்து, இதுபோல மற்றவர்களிடம் வாங்கியிருந்த பன்னிரண்டு மனுக்களையும் பையில் போட்டுக்கொண்டு, டீக்கடைக்காரரிடம் இரவல் வாங்கிய சைக்கிளில் கடலூருக்குப் புறப்பட்டார். சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்தாள். பொழுது சாய வீடு வந்தாள். புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்தாள். பெட்டியை, எண் தெரியும்படி வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். இனி வருகிறவன் அதைப் பார்த்துச் சொல்லட்டும்.