மஞ்சள் கோடும் கட்டைவிரலும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று என் வீட்டுக்காரர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அந்த ரோட்டரி எஞ்சின் வண்டி விஷயத்தில் நான் கோபப்பட்டிருக்காவிட்டால் அது இன்னமும் எங்கள் பட்டறையில்தான் நின்றுகொண்டிருக்கும்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மலாக்கா மாநிலத்தில், அலோர் காஜாவிலிருந்து லூபோக் சீனா போகிற வழியில், எங்கள் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட இடம். இரண்டு கார் நிற்கும். பழைய வண்டிகளைப் பார்ப்பது அவர் வேலை. இன்னொரு கை வேண்டுமென்றால் ஒரு கத்தல் கத்துவார், நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போவேன்.

பெரும்பாலும் டைமிங் வைக்கத்தான் கூப்பிடுவார். எஞ்சினுக்குள் காற்று முழுக்க அமுங்கி நிற்கிற இடத்தைப் பட்டறையில் 'டாப்' என்போம். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் நெருப்புப் பொறி எப்போது அடிக்கவேண்டும் என்று வைக்க முடியும். எங்களுக்குள் இருபது வருஷமாக ஒரே முறைதான். முன்னால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியில் ஸ்பானரைப் போட்டுத் திருப்புவது நான். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைப்பது அவர். காற்று விரலை முட்டித் தள்ளிவிட்டு அடங்குகிற இடத்தில் "இப்போ" என்பார். நான் நிறுத்துவேன்.

போன வருஷம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. நாலைந்து மாதத்தில் கால் நடந்தது, கை மடங்கி நீண்டது, வாய் எல்லாவற்றுக்கும் முன்னால் சரியானது. கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் வரச் சொன்னார்கள். இரண்டு தடவை போனார். "கை நல்லாத்தான் இருக்கு. அங்க போயி பந்தை அமுக்கிக்கிட்டு உக்காரச் சொல்றியா?" என்று நிறுத்திவிட்டார். பட்டறையைத் திறந்த அன்று இன்னொன்றும் சொன்னார்: "கை சரியில்லாதவன் அடுத்தவன் வண்டியில கை வைக்கக்கூடாது. அப்படி ஆச்சுன்னா நானே மூடிடுவேன்." நான் அவர் கையை நம்பினேன். நம்பாவிட்டால் அந்த மனிதர் நாளெல்லாம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

திறந்த பிறகு வந்த முதல் பெரிய வேலை அந்த ரோட்டரி. மலாக்கா டவுனில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சினை யாரோ பிரித்துப் பூட்டியிருந்தார்கள், ஆனால் ஓட விட்டதில்லை. "சனிக்கிழமைக்குள்ள ஸ்டார்ட் ஆனா போதும் அண்ணே" என்றார். "ஆகும்லா" என்றார் இவர்.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார். நான் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி எடுத்துக்கொண்டு போனேன். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் கப்ச்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளுக்கு அப்படித்தான் டாப் பார்ப்பார்கள். பிளக் ஓட்டையில் ஈர்க்கை விட்டால் பிஸ்டன் அதைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். நான் ஓட்டைக்கு நேரே நீட்டினேனோ இல்லையோ, போட்டாரே ஒரு சத்தம்! "அலாமாக்! உள்ள பிஸ்டனா இருக்கு? முக்கோணமா ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. அது மூலையில இருக்கிற சீல் இதை நறுக்கிடும், துண்டு உள்ளயே கிடக்கும். உன் விளக்குமாத்தைக் கொண்டுபோய் வீட்டைக் கூட்டு!" நான் ஈர்க்கை வீசிவிட்டு ஸ்பானரை எடுத்தேன்.

அவர் வலது கட்டைவிரலை வைத்தார். நான் திருப்பினேன். "இப்போ" என்றார். எட்டிப் பார்த்தேன். புல்லியில் உள்ள மஞ்சள் கோடு, எஞ்சினில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிக்கு நேராக வந்து நின்றது. புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் அச்சாக. டாப்பைக் கொஞ்சம் தாண்டித்தான் பொறி அடிக்கவேண்டும், அதற்குத்தான் அந்தக் கோடு என்று விளக்கினார். பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை அதற்கேற்ப இறக்கிப் பூட்டினார்.

சாவியைத் திருப்பினால் டமார் என்று சைலன்சரில் வெடித்தது. திரும்பவும் டமார். பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் கொல்லைக்கு ஓடின.

பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். எண்ணெய்க் குழாயைக் கழற்றி ஊதினார். மூன்று தடவை டாப் பார்த்தோம், மூன்று தடவையும் "இப்போ" என்ற இடத்தில் மஞ்சள் கோடு சரியாக நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறை முழுக்க எண்ணெய் வாடை. எனக்குக் கை வலி. அவரோ, "நீ ஒழுங்கா திருப்பலை" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம்! "இருபது வருஷமா திருப்புறேன், இன்னைக்குத்தான் எனக்குத் திருப்பத் தெரியலையா? இந்தாங்க, நீங்க திருப்புங்க. நான் விரல் வைக்கிறேன்" என்று ஸ்பானரை அவர் முன்னால் போட்டேன்.

"உனக்கு என்ன தெரியும்? வேணாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. நான் விடவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்பானரை இடது கையால் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தார்.

ஓட்டையில் என் கட்டைவிரலை அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காற்று வந்தது பாருங்கள், விரலை முட்டிக்கொண்டு புஸ்ஸென்று! "இப்போ!" என்று கத்தினேன். நிறுத்தினார். மஞ்சள் கோட்டைத் தேடினால் ஊசிக்குப் பக்கத்தில் அது இல்லவே இல்லை. கால் சுற்று தள்ளி, கீழே நின்றது. இன்னொரு தரம் திருப்பச் சொன்னேன். அதே இடம். ரோட்டரியில் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் காற்று முட்டும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். ஐந்து சுற்றும் அதே இடத்தில்தான் முட்டியது.

புல்லியைக் குனிந்து பார்த்தேன். கடையில் வாங்கிய மாற்றுப் புல்லி. நாலு போல்ட், நாலும் ஒரே இடைவெளி. எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும். முன்னால் பூட்டியவன் கால் சுற்று மாற்றிப் பூட்டியிருக்கிறான். கோடு பொய் சொல்லியிருக்கிறது.

அது சரி. ஆனால் இவர் விரல் எப்படி மூன்று தடவையும் கோடு நின்ற இடத்திலேயே "இப்போ" என்றது?

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கோட்டைப் பார்த்துத்தான் சொன்னீங்களா?" என்றேன்.

தலையை ஆட்டினார். "விரல்ல ஒண்ணுமே தெரியலை."

"எத்தனை நாளா?"

"விழுந்ததுல இருந்தே. சூடு தெரியலை, குத்தினா தெரியலை. மடங்குது நீளுது, அவ்வளவுதான்." வலது கையை மடியில் வைத்துக்கொண்டு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். "சொன்னா நீ பட்டறையைத் திறக்க விடமாட்டே. இடது விரலை வெச்சா ஏன்னு கேப்பே. நாளைக்கு அந்தத் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு மூடிடறேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்தக் கையைத் தொட்டுப் பார்க்காமல் விட்டேனே என்று என்மேல்தான் ஆத்திரம். "மூடுறதெல்லாம் அப்புறம். முதல்ல எழுந்து அந்த நாலு போல்ட்டைக் கழட்டுங்க. இடது கை நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

கழற்றினார். புல்லியைக் கால் சுற்று திருப்பி வைத்துப் பூட்டினோம். என் விரல் "இப்போ" என்றபோது மஞ்சள் கோடு ஊசியருகே வந்திருந்தது. கோட்டை நேராக்கி டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடி இறக்கினோம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டைமிங் லைட்டை அடித்துப் பார்த்துக் கொஞ்சம் திருகிவிட்டார். அவ்வளவுதான் வேலை.

சனிக்கிழமை அந்தத் தம்பி வந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாயெல்லாம் பல்லானார். "அண்ணே கைன்னா கைதான்!"

இவர் எஞ்சினை அணைத்தார். "என் கையில உணர்ச்சி இல்லை தம்பி. ஸ்ட்ரோக். ரெண்டு நாள் தப்பாத்தான் வெச்சேன். கண்டுபிடிச்சது இவங்க. வேற பட்டறையில ஒரு தடவை காட்டணும்னா காட்டிக்குங்க, நான் தப்பா நினைக்கமாட்டேன்."

அந்தத் தம்பி அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து மறுபடி ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"அக்கா, ஆயில் மாத்த எப்ப கொண்டு வரட்டும்?"

என் வீட்டுக்காரரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பட்டறையில் என் பதிலுக்கு அவர் காத்து நின்று நான் பார்த்ததில்லை.

"அடுத்த மாசம் கொண்டு வாங்க தம்பி" என்றேன். "திங்கட்கிழமை மட்டும் வேணாம். அன்னைக்கு இவரைக் கைப்பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அவர் இடது கையில் பேனாவை எடுத்துக்கொண்டு, சுவர்க் காலண்டரில் திங்கட்கிழமைகளுக்கு வட்டம் போடப் போனார்.